செப்பாங் போகும் கமாரோவுக்கு எந்த டார்க் ஆர்ம் வாங்குவது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு படிக்கிறவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும். கார் 2000-ம் ஆண்டு கமாரோ எஸ்எஸ், எல்எஸ்1 இன்ஜின், டி56 ஆறு கியர் மேனுவல், பின்னால் கம்பெனி 10-போல்ட் டிஃப் (டிஃபரென்ஷியல்). லெஃப்ட் ஹேண்ட் காடி என்பதால் ரோட்டில் ஓட்டுவதில்லை, கோலாலம்பூரிலிருந்து லோரியில் ஏற்றி செப்பாங் சர்க்யூட்டுக்குக் கொண்டுபோய் டிராக் டேயில் (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்ட விடும் நாள்) மட்டும் ஓட்டுகிறீர்கள். உங்களுக்கு விற்றவர் ஸ்பிரிங்கை மாற்றி 30 மில்லிமீட்டர் இறக்கி வைத்திருக்கிறார். முதல் கியரில் அழுத்தினால் பின் சக்கரம் தடதடவென்று துள்ளுகிறது, கீழே படுத்துப் பார்த்தால் கியர்பாக்ஸ் வாலில் டார்க் ஆர்மை (பின் ஆக்ஸில் சுழன்றுவிடாமல் தடுக்கும் நீளக் கம்பி) பிடித்திருக்கும் ரப்பர் பிய்ந்து தொங்குகிறது. கம்பெனி ஆர்மைப் போலவே கியர்பாக்ஸில் மாட்டும் குழாய் ஆர்ம், தனி கிராஸ்மெம்பரில் (காருக்கு அடியில் குறுக்காகப் போகும் சட்டம்) உட்காரும் நீளமான ஆர்ம், தனி கிராஸ்மெம்பரோடு வரும் குட்டை ஆர்ம் என்று மூன்று வகை பார்த்து வைத்திருக்கிறீர்கள். தெரிந்தவர் ஒருவர் "குட்டை போடு, அப்படியே ரோட்டோடு ஒட்டிக்கொண்டு கிளம்பும்" என்று சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்னது பொய் இல்லை. கிளம்பும். ஆனால் செப்பாங்கில் கிளம்புவது ஒரு நாளைக்கு ஒரு தடவை, பிரேக் அடிப்பது ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை. அதனால் என் பதில் நீளமான ஆர்ம், அதுவும் கியர்பாக்ஸைத் தொடாதது. அதற்கும் முன்னால் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது, அது டார்க் ஆர்மே இல்லை. விளக்கமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் இந்தக் கம்பி என்ன வேலை செய்கிறது என்று தெளிவாக வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இதை வலுவுக்காகப் போடும் சாமான் என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள். 1982 முதல் 2002 வரை வந்த கமாரோ, ஃபயர்பேர்ட் எல்லாவற்றிலும் பின்னால் ஒரே துண்டு ஆக்ஸில்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு லோயர் ஆர்ம், பக்கவாட்டில் நகராமல் இருக்க ஒரு பன்ஹார்ட் ராட், அப்புறம் நடுவில் இந்த டார்க் ஆர்ம். சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது ஆக்ஸில் கூடு பின்னோக்கிச் சுழலப் பார்க்கும், பினியன் மூக்கு (டிரைவ்ஷாஃப்ட் வந்து மாட்டும் டிஃப் முன்பக்கம்) மேலே தூக்கும். அதைத் தடுப்பது டார்க் ஆர்ம் ஒன்றுதான். பின்முனை டிஃப் கூட்டில் போல்ட் போட்டு இறுக்கமாக நிற்கும், முன்முனை கியர்பாக்ஸ் வாலில் ஒரு ரப்பர் பிடிக்குள் உட்காரும். கவனியுங்கள், முன்முனை இறுக்கமாக நிற்கக் கூடாது. ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது லோயர் ஆர்மின் வட்டப் பாதையில் கொஞ்சம் முன்னும் பின்னும் நகரும், கார் சாயும்போது ஆக்ஸில் திருகும். இந்த இரண்டையும் முன்முனை விட்டுக்கொடுக்க வேண்டும், மேல்-கீழ் தள்ளுதலை மட்டும் தாங்க வேண்டும். கம்பெனி ரப்பர் இந்த வேலையை மட்டமான விலையில், நன்றாகவே செய்தது. இருபது வருஷத்துக்கு மேல் எக்ஸாஸ்ட் சூட்டில் வெந்த ரப்பர் பிய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

எவ்வளவு பாரம் அதில் விழுகிறது என்று ஒரு கணக்கு. இன்ஜின் 450 நியூட்டன் மீட்டர் என்று வையுங்கள், டி56-ல் முதல் கியர் 2.66, மேனுவல் காரின் டிஃப் 3.42. பெருக்கினால் ஆக்ஸிலில் ஏறத்தாழ 4,090 நியூட்டன் மீட்டர். ஆர்ம் நீளம் 1.3 மீட்டர் என்றால் முன்முனையில் மேல்நோக்கி 3,150 நியூட்டன், அதாவது 320 கிலோ எடையைக் கியர்பாக்ஸ் வாலுக்கு அடியில் ஜாக் வைத்துத் தூக்குகிற மாதிரி. அதே ஆர்மை 0.9 மீட்டராகக் குறைத்தால் 460 கிலோவுக்கு மேல் போகும். இது அமைதியாக அழுத்தும்போது. கிளட்சைப் பட்டென்று விட்டால், அல்லது சக்கரம் துள்ளித் துள்ளிப் பிடித்தால், இதைவிடப் பல மடங்கு அடியாக விழும். அலுமினிய வார்ப்பில் செய்த கியர்பாக்ஸ் வால் இந்த அடிக்காகச் செய்தது இல்லை, நிறைய பவர் ஏற்றி நேர்கோட்டில் கால் மைல் ஓடும் டிராக் ரேஸ் கார்களில் வால் கூடே வெடித்த கதைகள் அமெரிக்காவில் பழைய செய்தி.

அதனால்தான் மார்க்கெட்டில் இரண்டு குடும்பம். ஒன்று, கம்பெனி இடத்திலேயே கியர்பாக்ஸ் வாலில் மாட்டும் குழாய் ஆர்ம். இன்னொன்று, காரின் தரைக்கு அடியில் குறுக்காகத் தனி கிராஸ்மெம்பர் கொடுத்து, பாரத்தை பாடிக்குக் கொண்டுபோவது. யுஎம்ஐ, பிஎம்ஆர், ஸ்போன் என்று இந்தக் காருக்கு ஆர்ம் செய்கிற அமெரிக்கக் கடைகளின் பட்டியலைத் திறந்தாலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். பிராண்ட் சண்டை எனக்கு முக்கியமாகப் படவில்லை. மூன்றும் ஒழுங்கான வெல்டிங் உள்ள சாமான்கள். ஆர்மின் முன்முனை எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் காரின் குணத்தை மாற்றும்.

இங்கேதான் கொஞ்சம் ஜியாமெட்ரி. பக்கவாட்டிலிருந்து காரைப் பாருங்கள். லோயர் ஆர்மின் இரண்டு போல்ட்டையும் இணைத்து முன்பக்கம் ஒரு கோடு இழுங்கள். டார்க் ஆர்மின் முன்முனை வழியாக நேர் செங்குத்தாக இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் இன்ஸ்டன்ட் சென்டர். பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில் என்று பாருங்கள். உயரத்தைத் தூரத்தால் வகுத்து, வந்ததைக் காரின் ஈர்ப்பு மைய உயரத்தை வீல்பேஸால் வகுத்த எண்ணால் மறுபடி வகுத்தால் ஆன்டி-ஸ்குவாட் சதவீதம் கிடைக்கும். 100 என்றால் அழுத்தும்போது பின்பக்கம் குந்தவும் செய்யாது, எழும்பவும் செய்யாது. உங்கள் காரின் வீல்பேஸ் 2,568 மில்லிமீட்டர். ஈர்ப்பு மையம் 500 உயரம், லோயர் ஆர்ம் 500 நீளம், அதன் பின் போல்ட் தரையிலிருந்து 200 என்று ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். உங்கள் காரில் டேப் வைத்து அளந்த எண் இல்லை, வாட்டம் புரிவதற்காக மட்டும்.

லோயர் ஆர்ம் தரைக்கு இணையாக, டார்க் ஆர்ம் 1,300 நீளம்: 79 சதவீதம். அதே காரில் ஆர்மை 900 ஆக்கினால் 114. குட்டை ஆர்ம் போட்டவர்கள் "ஒட்டிக்கொண்டு கிளம்புது" என்று சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான். அழுத்தியவுடன் ஆக்ஸிலை அது தரையில் போட்டு அமுக்குகிறது.

இப்போது உங்கள் காருக்கு வருவோம். 30 மில்லிமீட்டர் இறக்கியாயிற்று. ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பாடி இறங்கிவிட்டது, அதனால் லோயர் ஆர்மின் முன் போல்ட் 170-க்கு வந்துவிட்டது. கோடு முன்னால் போகப் போகக் கீழே சாய்கிறது. அதே 1,300 ஆர்மில் கணக்குப் போட்டால் 79 இருந்தது 48-க்கு விழுந்துவிடும். ஈர்ப்பு மையமும் இறங்கியதைச் சேர்த்தால் மூன்று போலக் கூடலாம், பெரிய மாற்றம் இல்லை. அதாவது ஒரு செட் ஸ்பிரிங் வாங்கிப் போட்டதிலேயே ஆன்டி-ஸ்குவாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. உங்கள் சக்கரம் துள்ளுவதற்கு முதல் சந்தேகம் எனக்கு அங்கேதான், இரண்டாவது பிய்ந்த ரப்பர், மூன்றாவது ஷாக். டார்க் ஆர்ம் கம்பி பட்டியலிலேயே இல்லை.

இதைச் சரிசெய்ய ஒரு சின்ன சாமான் இருக்கிறது, லோயர் ஆர்ம் ரீலொகேஷன் பிராக்கெட். ஆக்ஸிலில் இருக்கும் காதுக்குக் கீழே இன்னும் இரண்டு மூன்று ஓட்டை கொடுக்கும் தடித்த தகடு, அவ்வளவுதான். பின் போல்ட்டை 50 இறக்கி 150-க்குக் கொண்டுவந்தால் கோடு மறுபடி மேல்நோக்கி நிமிரும், 48 இருந்தது 80-க்குத் திரும்பும். அதாவது கம்பெனி விட்ட இடத்துக்கே வந்தாயிற்று, டார்க் ஆர்மைத் தொடாமலேயே. விலையும் டார்க் ஆர்மின் பக்கத்தில்கூட வராது. போல்ட் போடும் வகையும் உண்டு, வெல்டிங் வகையும் உண்டு. டிராக்கில் ஓடும் காருக்கு வெல்டிங்தான் என் விருப்பம், ஆக்ஸில் குழாய் சூட்டில் வளையாமல் விட்டு விட்டு வெல்ட் வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

கடைசி ஓட்டையில்தான் பிடிப்பு அதிகம் என்று அங்கே போட்டுவிடாதீர்கள். லோயர் ஆர்மின் முன்முனை மேலேயும் பின்முனை கீழேயும் இருந்தால், கார் வளைவில் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் கொஞ்சம் பின்னால் போகும், உள்பக்கச் சக்கரம் முன்னால் வரும். ஆக்ஸில் தானாக ஸ்டியரிங் பிடிக்கிறது, அதுவும் தப்பான பக்கம், வால் வெளியே போகிற பக்கம். நேர்கோட்டில் கால் மைல் ஓடுகிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. செப்பாங்கில் 5, 6-ம் வளைவு மாதிரி வேகமாக இடம் வலம் மாறும் இடத்தில் இது நெஞ்சைப் பிடிக்க வைக்கும். லோயர் ஆர்ம் தரைக்கு இணையாக, அல்லது முன்பக்கம் மயிரிழை உயரமாக நிற்கிற ஓட்டை எதுவோ அதில் போடுங்கள்.

சரி, குட்டை ஆர்ம் ஏன் வேண்டாம் என்கிறேன். பிரேக் காலிப்பர் ஆக்ஸில் கூட்டிலேயே மாட்டியிருக்கிறது. பிரேக் அடிக்கும்போது கூடு முன்னோக்கிச் சுழலப் பார்க்கும், பினியன் மூக்கு கீழே குத்தும், டார்க் ஆர்ம் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். அழுத்தும்போது எந்த ஜியாமெட்ரி ஆக்ஸிலைத் தரையில் அமுக்கியதோ, அதே ஜியாமெட்ரி பிரேக்கில் ஆக்ஸிலைத் தரையிலிருந்து தூக்கும். 114 சதவீத ஆர்ம் அமுக்குவதிலும் கெட்டி, தூக்குவதிலும் கெட்டி. டயர் தரையை விடும், பிரேக் முறுக்கு போய்விடும், ஆக்ஸில் கீழே விழும், மறுபடி பிடிக்கும், மறுபடி தூக்கும். இதுதான் பிரேக் ஹாப். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது துள்ளினால் காலை எடுத்துவிடலாம். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போய் முதல் வளைவுக்கு பிரேக் அடிக்கும்போது துள்ளினால் காலை எடுக்க முடியாது.

செப்பாங்கின் 5.543 கிலோமீட்டரில் இரண்டு நீளமான நேர்ப்பாதைகள், இரண்டின் முடிவிலும் பெரிய பிரேக். 15-ம் வளைவாவது நேராக அடிக்கலாம். அதற்கு முன்னால் 14 இருக்கிறதே, வலப்பக்கம் வளைத்துக்கொண்டே பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைக்க வேண்டும், பின் சக்கரத்தில் பாரமே இல்லாத நேரம், அங்கே ஆக்ஸில் துள்ள ஆரம்பித்தால் கார் சுற்றிவிடும். மூன்றாவதிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கும்போது இன்ஜின் சுற்றைச் சேர்க்காமல் கிளட்சை விட்டால் இன்ஜின் பிரேக்கும் சேர்ந்து இதை இன்னும் மோசமாக்கும். குட்டை ஆர்ம் போட்டுவிட்டுப் பின் பிரேக்கைக் குறைத்து ஓட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள், ஓட்டலாம்தான், ஆனால் ஒரு பக்கம் காசு கொடுத்து வாங்கிய குறையை இன்னொரு பக்கம் காசு கொடுத்து மூடுவானேன்?

இதற்கு நடுவில் ஒரு புத்திசாலித்தனமான வகை உண்டு, டீகபிள்ட் என்று சொல்வார்கள். முடுக்கும்போது வரும் முறுக்கை ஒரு வழியாகவும், பிரேக் முறுக்கை வேறொரு கம்பி வழியாகவும் அனுப்புவது. முடுக்கத்துக்குக் குட்டை ஆர்மின் பலன், பிரேக்குக்கு நீள ஆர்மின் அமைதி. கேட்க அருமையாக இருக்கும், நல்ல சர்க்யூட் கார்களில் வேலையும் செய்கிறது. ஆனால் மூட்டு அதிகம், செட்டிங் அதிகம், தேய்கிற இடம் அதிகம், ஒரு ராட் எண்ட் (கம்பி முனையில் இருக்கும் உருண்டை மூட்டு) போனால் அதே அளவு இங்கே கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். நேரத்தைக் குறைக்கப் போட்டி போடுகிற ஆளுக்கு அது சரி, மாதம் ஒருமுறை சந்தோஷத்துக்கு ஓட்டுகிறவருக்கு அவசியம் இல்லை.

ஆக நீள ஆர்ம். அதில் கியர்பாக்ஸில் மாட்டுவதா, தனி கிராஸ்மெம்பரா? கியர்பாக்ஸில் மாட்டும் வகை விலை குறைவு, எடை குறைவு, எக்ஸாஸ்டைத் தொட வேண்டாம், ரப்பருக்குப் பதில் பாலியூரிதீன் புஷ் வரும். டிராக் டேக்கு, கம்பெனி பவருக்கு, அதுவே போதும் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். ஆனால் பாலி புஷ் ரப்பரைப் போல விட்டுக்கொடுக்காது, துள்ளலின் அடி முழுக்க வாலுக்குப் போகும், டிஃப்பின் ஊங்காரம் முழுக்க கேபினுக்குள் கேட்கும். இந்தக் காருக்கு டி56 வால் கூடு தேடி எங்கே போவீர்கள்? அமெரிக்காவில் ஸ்கிராப் யார்டில் கிடைக்கும், நமக்கு அங்கிருந்து பெட்டி கட்டி வர வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே தனி கிராஸ்மெம்பர் என்கிறேன்.

தனி கிராஸ்மெம்பர் வாங்கும்போது நான் பார்க்கிற முதல் இடம் முன்முனை மூட்டு. இரண்டு முனையும் ராட் எண்ட் போட்டு இறுக்கிய ஆர்ம் எதையாவது காட்டினால் வாங்காதீர்கள், முன்னும் பின்னும் நகர இடம் இல்லாமல் சஸ்பென்ஷன் பூட்டிக்கொள்ளும், கடைசியில் கிராஸ்மெம்பர் போல்ட் ஓட்டைதான் நீளும். ஒன்று, புஷ்ஷுக்குள் ஆர்ம் வழுக்கிப் போக வேண்டும், அல்லது ஒரு சின்ன ஊஞ்சல் லிங்க்கில் தொங்க வேண்டும். ஊஞ்சல் லிங்க் இருந்தால் கார் தரையில் நிற்கும் உயரத்தில் அது நேர் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள், சாய்ந்து நின்றால் மேலே போட்ட கணக்கின் செங்குத்துக் கோடும் சாயும். வழுக்கும் புஷ் என்றால் கிரீஸ் நிப்பிள் வெளியே தெரியும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் யாரும் கிரீஸ் அடிக்க மாட்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் செப்பாங் மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு மழைக்கு அப்புறம் பாலி புஷ் கீச்சுக் கீச்சு என்று கத்தும், கத்தினால் வழுக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்து இடம். கிராஸ்மெம்பர் டனலுக்கு (டிரைவ்ஷாஃப்ட் போவதற்காகக் காரின் தரை நடுவில் எழும்பியிருக்கும் இடம்) அடியில் குறுக்கே போகும், எக்ஸாஸ்டும் அங்கேதான் போகும். உங்கள் காரில் லாங் டியூப் ஹெடர் (இன்ஜினிலிருந்து வரும் நீள எக்ஸாஸ்ட் குழாய்கள்) போட்டிருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. போட்டிருந்தால், அல்லது இரண்டு குழாயும் பின்னால் தனித்தனியாகப் போகிற மாதிரி எக்ஸாஸ்ட் செய்திருந்தால், ஆர்டர் போடுமுன் விற்கிறவருக்கு அடிப்பக்கத்தின் படத்தை அனுப்பிக் கேளுங்கள். சில கிராஸ்மெம்பரில் டிரைவ்ஷாஃப்ட் லூப்பும் சேர்ந்தே வரும், முன் யூனிவர்சல் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தாமல் பிடிப்பதற்கு. அது இருந்தால் நல்லது. தரையிலிருந்து எவ்வளவு இடைவெளி விடுகிறது என்பதும் முக்கியம், ஏற்கனவே இறக்கிய கார், லோரியின் சாய்தளத்தில் ஏறும்போது சரியாக நடு வயிறுதான் தட்டும். செப்பாங் கர்ப் அப்புறம்.

குழாயின் உலோகம் பற்றி நிறைய வியாபாரப் பேச்சு உண்டு. குரோமாலி வலுவானது, உண்மை. ஆனால் விறைப்பு சாதாரண ஸ்டீலும் குரோமாலியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒரே அளவு ஒரே கனம் என்றால் இரண்டும் ஒரே மாதிரித்தான் வளையும். வலு அதிகம் என்பதால் மெல்லிய குழாயில் செய்து எடையைக் குறைக்கலாம், அதுதான் அதன் பலன். பின்முனையின் எடை ஆக்ஸிலோடு சேர்ந்து ஆடுகிறது என்பதால் ஒன்றிரண்டு கிலோ குறைவது நல்லதுதான், ஆனால் அதற்காக ஒன்றரை மடங்கு விலை கொடுக்கும் கட்டத்தில் நீங்கள் இல்லை. தரமான சீம் இல்லாத ஸ்டீல் குழாய், டிஃப் கூட்டில் உட்காரும் தகடு தடிப்பாக, குழாயும் தகடும் சேரும் இடத்தில் முக்கோணத் தாங்கல் கொடுத்து வெல்ட் செய்தது, பவுடர் கோட்டிங். போதும். நான் இருப்பது பினாங்கு மாநிலத்துப் பிறையில், உப்புக் காற்று. வெறும் ஸ்டீலாக வாங்கி "பிறகு பெயின்ட் அடிக்கலாம்" என்று வைத்த சாமான்கள் ஆறு மாதத்தில் என்ன நிறம் ஆகும் என்று இங்கே வந்து பார்க்கலாம். ராட் எண்ட் உள்ள இடத்தில் ரப்பர் மூடி போடாவிட்டால் மண்ணும் மழையும் சேர்ந்து அதைத் தின்றுவிடும்.

பினியன் கோணத்தை மாற்றும் வசதி உள்ள ஆர்மாகப் பாருங்கள், கார் இறங்கியிருப்பதால் அது உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். உயரம் மாறினால் பினியன் மூக்கின் கோணமும் மாறும், மாறினால் ஒரு வேகத்துக்கு மேல் அதிர்வு வரும், யூனிவர்சல் ஜாயின்ட் சீக்கிரம் போகும். வலது மறை இடது மறை போட்ட டர்ன்பக்கிள் வகையில் ஆர்மைக் கழற்றாமலே திருப்பிச் சரிசெய்யலாம். ஷிம் (மெல்லிய தகடு) வைக்கிற வகையில் ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கழற்ற வேண்டும், கழற்றி மாட்டும் சலிப்பிலேயே "இருக்கட்டும் விடு" என்று விட்டுவிடுவோம்.

இன்னொன்றை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், அடுத்த வருஷம் ஃபோர்ட் 9-இன்ச் ஆக்ஸில் போடலாம் என்று. அப்படியானால் அதை முதலில் முடிவு செய்யுங்கள். டார்க் ஆர்மின் பின்முனை டிஃப் கூட்டின் வடிவத்துக்கு ஏற்ற மாதிரி செய்வது. 10-போல்ட்டுக்கு வாங்கியது 9-இன்ச்சில் நேராக உட்காராது, வேறு பின்தகடு வேண்டும், சில கம்பெனியில் தகடு மட்டும் தனியாகக் கிடைக்கும், சிலதில் ஆர்ம் முழுவதையும் மாற்ற வேண்டும். 10-போல்ட் கமாரோவின் பழைய பலவீனம், நன்றாகப் பிடிக்கும் டயர் போட்டு கிளட்சை விட்டால் பல் உடையும், இது ஊரறிந்தது. அதனால் ஆக்ஸில் மாற்றும் எண்ணம் உறுதி என்றால் இப்போதைக்குப் பிய்ந்த ரப்பருக்குப் பதில் புது புஷ், ரீலொகேஷன் பிராக்கெட், நல்ல ஷாக், இந்த மூன்றோடு இந்த சீசனை ஓட்டுங்கள். பிராக்கெட்டைக் கூட அப்போது போல்ட் வகையாக வாங்கலாம், வெல்ட் செய்த ஆக்ஸிலை அடுத்த வருஷம் ஓரங்கட்டப் போகிறீர்களே.

உள்ளூரில் செய்துகொள்ளலாமா என்ற கேள்விக்கு: செய்யலாம். டிக் வெல்டிங்கில் நம் ஊர் ஆட்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. சிக்கல் அளவில். ஜிக் (அளவு மாறாமல் பிடித்து வைக்கும் சட்டம்) இல்லாமல், கார் ஹோய்ஸ்டில் தொங்கும்போது, ஆக்ஸில் கீழே தொங்கிய நிலையில் அளவெடுத்துச் செய்த ஆர்ம் தரையில் இறக்கியவுடன் பினியனை வேறு பக்கம் திருப்பிவிடும். ஒரு பட்டறையில் அப்படிச் செய்த ஒன்றை என் ஹோய்ஸ்டில் பார்த்தேன், வெல்ட் அவ்வளவு அழகு, முன் புஷ்ஷில் மட்டும் நகர இடமே இல்லை, கிராஸ்மெம்பர் போல்ட் நான்கில் இரண்டு ஏற்கனவே தளர்ந்திருந்தது. செய்பவரிடம் முன்முனை எப்படி நகரும் என்று கேளுங்கள், பதில் உடனே வரவில்லை என்றால் அமெரிக்காவிலிருந்தே வரவழையுங்கள். வரவழைத்தால் எடையை மட்டும் பார்த்துக் கூலி கணக்குப் போடாதீர்கள். கூரியர்காரர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 140-க்கு 30-க்கு 20 பெட்டி என்றால் 16.8 கிலோ என்று பில் வரும், உள்ளே இருப்பது அதில் பாதி எடையானாலும். பிராக்கெட், புஷ் எல்லாவற்றையும் அதே பெட்டிக்குள் போடச் சொன்னால் அவற்றுக்குத் தனிக் கூலி மிச்சம். கஸ்டம்ஸ் வரிக்கும் கொஞ்சம் வெள்ளி ஒதுக்கி வையுங்கள்.

இடையில் ஒரு வார்த்தை, இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு பழைய டொயோட்டா கொரோலா கேஈ70, ஏஈ86 வைத்திருக்கும் தம்பிகள் "எங்களுக்கும் டார்க் ஆர்ம் போடலாமா" என்று வருவார்கள். உங்கள் காரில் மேலே இரண்டு லிங்க் ஏற்கனவே அந்த வேலையைச் செய்கிறது. புஷ், ஷாக், பன்ஹார்ட் உயரம், அப்புறம் அதே மாதிரி லோயர் லிங்க் கோணம், இதைப் பாருங்கள், தரையை வெட்ட வேண்டாம். இங்கே ஷோரூமில் விற்ற புது மஸ்டாங்குக்கும் இது பொருந்தாது, அதில் பின்னால் ஒரே துண்டு ஆக்ஸில் இல்லை, இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன்.

எதையும் ஆர்டர் போடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். கார் சமதரையில், நான்கு சக்கரமும் தரையில், முன் சக்கரத்துக்குக் கட்டை, கியர் நியூட்ரல். ட்ராலி ஜாக்கை பினியன் மூக்குக்கு அடியில் மெதுவாகக் கொடுத்துத் தூக்குங்கள், ஒரு ஆள் டார்ச்சோடு டார்க் ஆர்மின் முன்முனையைப் பார்க்கட்டும், காருக்கு அடியில் உடம்பை விடாமல். பாடி எழும்ப ஆரம்பிக்கும் முன் முன்முனை எவ்வளவு ஓடுகிறதோ அதுதான் உங்கள் ரப்பரில் இருக்கும் ஆட்டம். விரல் கனத்துக்கு ஓடினால் துள்ளலில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியே லோயர் ஆர்ம் மேல் கைப்பேசியை வைத்துக் கோணத்தையும், முன் போல்ட் பின் போல்ட் இரண்டின் உயரத்தையும் தரையிலிருந்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு உயரமும், ஆக்ஸில் நடுவிலிருந்து நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஆர்மின் முன்முனை வரை நீளமும் அனுப்பினால் மேலே போட்ட கணக்கை உங்கள் காருக்கே போட்டுத் தருகிறேன்.

மாட்டும்போது: எல்லா போல்ட்டையும் கையால் நுழைத்து, காரைத் தரையில் இறக்கி, ஓட்டுநர் எடை உள்ளே வைத்த பிறகே இறுக்க வேண்டும், ஹோய்ஸ்டில் தொங்கும்போது இறுக்கினால் லோயர் ஆர்ம் புஷ் முறுக்கியபடியே நிற்கும். பினியன் கோணத்தை டிஜிட்டல் ஆங்கிள் மீட்டர் வைத்து, டிரைவ்ஷாஃப்ட் கோட்டோடு ஒப்பிட்டு, மூக்கு 1 முதல் 2 பாகை கீழே பார்க்கிற மாதிரி வையுங்கள், கியர்பாக்ஸ் வெளிமுனையின் கோணத்தையும் அளந்துவிட்டு. முதல் நாள் செப்பாங்கில் நான்கைந்து சுற்று ஓட்டிவிட்டு பிட்டுக்கு வந்ததும் சூடு ஆறட்டும், அப்புறம் டிஃப் பக்கத்துப் பெரிய போல்ட்டுகளையும் கிராஸ்மெம்பர் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள். டனலின் உள்பக்கம், எக்ஸாஸ்ட், டிரைவ்ஷாஃப்ட் லூப், இந்த மூன்றிலும் புதிதாகப் பளபளவென்று தேய்ந்த கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு லோரியில் ஏற்றுங்கள்.